கூரை எங்களுடையது, மண் யாருடையது?

வெண்மணி நாள் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஒவ்வொரு டிசம்பர் 25ஆம் தேதியும் நாம் வெண்மணியைப் பேசுகிறோம். கூலி உயர்வு கேட்டதைப் பேசுகிறோம், செங்கொடியைப் பேசுகிறோம், குற்றம் சாட்டப்பட்டவர்களை உயர்நீதிமன்றம் விடுவித்ததைப் பேசுகிறோம். 1968இல் 44 பேர் எரிந்துபோன அந்த வீட்டை மட்டும் 'ராமய்யாவின் குடிசை' என்ற இரண்டு சொல்லோடு கடந்துவிடுகிறோம். இந்த ஆண்டு உரையை அந்த இரண்டு சொல்லிலேயே நிறுத்திக்கொள்வது என்று மன்றத்தில் பேசி முடிவெடுத்தோம். கீழத்தஞ்சைச் சேரியில் ஒரு கூரை வீடு எப்படி எழுந்தது, ஏன் அந்த உருவத்தில் எழுந்தது, யாருடைய மண்ணில் நின்றது என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த எண்ணம் வருவதற்கு ஒரு சின்ன காரணம் உண்டு. கட்டடக் கலை படிக்கும் மாணவர் ஒருவர் எங்களோடு ஒரு தெருவுக்கு வந்தார். கையில் அளவு நாடா, நோட்டு. மிச்சமிருந்த கூரை வீடு ஒன்றைச் சுற்றிச் சுற்றி அளந்தார். பிறகு வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாயியிடம் கேட்டார்: "பாட்டி, இந்த வீடு எத்தனை வருஷத்துப் பழசு?"

அப்பாயிக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "கீத்து போன வருசம் மாத்துனது. மூங்கி நாலு வருசம் இருக்கும். நடுக்கால் எங்க மாமனாரு நட்டது. எடம் அவரோட பாட்டன் காலத்துலேருந்து இருக்கோம்" என்றார். அந்த மாணவர் நோட்டில் எதை எழுதுவது என்று தெரியாமல் எங்களைப் பார்த்தார். எங்களுக்கும் அன்று சொல்லத் தெரியவில்லை.

ஓட்டு வீட்டுக்கும் காரை வீட்டுக்கும் வயது கேட்டால் ஒரு எண் கிடைக்கும். நிலைப்படியில் ஆண்டு செதுக்கியிருப்பார்கள். கூரை வீட்டுக்கு அப்படி ஒரு வயது கிடையாது. மேலே போகப் போக இளமை, கீழே வர வர முதுமை. ஆகப் பழையது அதன் தரைதான். அந்தத் தரைக்குத்தான் எங்களிடம் பத்திரம் இருந்ததில்லை. இந்த உரை முழுவதும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவேதான் நகரப் போகிறது.

முதலில் கட்டும் முறையைச் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் இதை ஒரு தொழில்நுட்பம் என்று எண்ணுவதில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு சுவரிலிருந்து தொடங்காது, காலிலிருந்து தொடங்கும். நடுவில் இரண்டு உயரமான கால்கள், உச்சியில் இயற்கையாகவே கவை பிரிந்த மரமாகப் பார்த்து வெட்டியவை. அந்தக் கவைகளின் மேல் முகட்டு வளை படுத்திருக்கும். சுற்றிலும் குட்டைக் கால்கள், அவற்றின் மேல் சுற்று வளை. முகட்டிலிருந்து சுற்று வளையைத் தாண்டி இறங்கும் கைமரங்கள் மூங்கிலிலோ சவுக்கிலோ இருக்கும். கடற்கரைப் பக்கமானால் பிளந்த பனை. கைமரங்களுக்குக் குறுக்கே பிளந்த மூங்கில் வரிச்சு. எல்லாம் கயிற்றுக் கட்டு, ஓர் ஆணி கிடையாது. ஆணி வாங்கக் காசில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், புயல் காற்றில் கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணி அடித்த மூங்கில் பிளந்து போகும். நடுகிற காலின் அடிப்பாகத்தைத் தீயில் வாட்டிக் கருக்கிவிட்டுத்தான் குழியில் இறக்குவார்கள். கருகிய மரத்தைக் கரையான் அவ்வளவு எளிதாகத் தொடாது. மூங்கிலைத் தேய்பிறையில் வெட்ட வேண்டும், வெட்டியதைக் குளத்தில் ஊறப் போட வேண்டும் என்பார்கள். தேய்பிறைக்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊறப் போடுவதற்குக் காரணம் ஒன்றுதான்: மூங்கிலுக்குள் இருக்கும் மாவுச்சத்து தண்ணீரில் கரைந்து போனால் வண்டு துளைப்பது குறையும்.

சுவர் பிறகு வருவது. கூரையைத் தாங்குவது கால்கள்தான், சுவர் அல்ல. கீழத்தஞ்சைக்கு இது மிகவும் பொருந்தும். வெள்ளம் வந்து மண்சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டாலும் கூரை நிற்கும். தண்ணீர் வடிந்ததும் அதே மண்ணைக் குழைத்துச் சுவரை மறுபடி எழுப்பலாம். வயல் களிமண்ணை அப்படியே வைத்தால் வெடிக்கும். அதனால் மணல் சேர்த்து, பதரும் நறுக்கிய வைக்கோலும் போட்டு, தண்ணீர் விட்டு ஊறவைத்து, காலால் மிதித்துக் குழைப்பார்கள். ஒரு முழ உயரம் வைத்ததும் நிறுத்திக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு மேலே ஏற்றினால் கீழே பிதுங்கும். இப்படி ஆளுயரம் வருவதற்குள் பதினைந்து இருபது நாள் ஓடிவிடும். கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து அந்தி வெளிச்சத்தில் மிதித்த மண் அது. மண்சுவர்கூட எல்லா வீட்டுக்கும் இருந்ததாக நினைத்துவிடக் கூடாது. கீற்றுத் தட்டியே சுவராக, படலே கதவாக இருந்த வீடுகளில் பிறந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள்.

கூரை வேய்வதுதான் இதில் நுட்பமான வேலை. தென்னை மட்டையை நடுவில் பிளந்து, தண்ணீரில் ஊறப் போட்டு, பதமானதும் முடைய வேண்டும். இதைப் பெண்கள் செய்தார்கள். மட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையும் ஓட, ஒரு கீற்று முடிவதற்குள் அடுத்த மட்டையைப் பார்வை தேடிக்கொண்டிருக்கும். வேய்வது ஆண்களின் வேலை. இறவாணத்தில், அதாவது கூரையின் கீழ் ஓரத்தில், முதல் வரிசை. அதன் மேல் பாதிக்கு மேல் ஏறினாற்போல் அடுத்த வரிசை. இப்படியே முகடு வரை. கூரையின் எந்த இடத்தில் கை வைத்தாலும் இரண்டு மூன்று கீற்றுக் கனமாவது இருக்க வேண்டும். வசதி கிடைத்தால் கீற்றுக்கு மேல் வைக்கோல். ஆற்றோரமானால் விழல். சரிவு செங்குத்தாக இருந்தால்தான் மழைத்துளி உள்ளே இறங்குவதற்குள் வழிந்து ஓடும். சரிவு குறைந்தால் கீற்று ஊறும், ஊறினால் மக்கும். முகட்டில் இரண்டு சரிவும் சேரும் இடத்தை மூடிக் கட்டுவதற்கு ஊரில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். அவர்களைக் கூட்டிவர முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும்.

உள்ளே ஒற்றை அறை. ஒரு மூலையில் அடுப்பு, மேலே பரண், வளையிலிருந்து தொங்கும் உறி, சுவரில் விளக்கு வைக்க மாடக்குழி. சன்னல் பெரும்பாலும் கிடையாது. அடுப்புப் புகை கூரை வழியாகக் கசிந்து வெளியேறும். புகை படிந்த கீற்றிலும் மூங்கிலிலும் பூச்சி அண்டுவது குறைவு. ஆனால் அந்தப் புகையில் முப்பது வருடம் உட்கார்ந்து சமைத்த எங்கள் தாய்மார்களின் இருமலையும் கண்ணையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கூரை வீட்டின் குளிர்ச்சியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பகலில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் என்பது எங்கள் எண்ணம். குளிர்ச்சி உண்மைதான். கீற்றுக்கும் வைக்கோலுக்கும் இடையே அடைபட்ட காற்று சித்திரை வெயிலைத் தடுக்கும். ஐப்பசி அடைமழையில் அதே கூரைக்குக் கீழே பாத்திரம் மாற்றி மாற்றி வைத்து விடிய விடிய விழித்திருந்ததும் உண்மை.

தென்னங்கீற்று ஒரு மழைக்காலம் நன்றாகத் தாங்கும், இரண்டாவதற்கு ஒட்டுப் போட வேண்டும். பனையோலை மூன்று நான்கு வருடம் வரும். ஆகவே கூரை வீடு என்பது ஒருமுறை கட்டி முடிப்பது அல்ல, வாழ்நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு வருடமும் அதற்குப் பொருள் வேண்டும். பொருள் யாரிடம் இருந்தது? தென்னந்தோப்பு மிராசுதாருடையது. மூங்கில் கொல்லை அவருடையது. வாய்க்கால் கரைப் பூவரசும் அவருக்குத்தான் பாத்தியம். தை மாதம் நாங்கள் அறுத்து, அடித்து, தூற்றி, போர் போட்ட வைக்கோலும் அவர் மாட்டுக்குப் போக மிச்சம்தான். அந்த மிச்சத்தைக் கேட்டு நிற்க வேண்டும். கேட்டதைக் கொடுத்தால் அடுத்த வருடம் கூலி பேசும்போது அது நினைவுபடுத்தப்படும். கூரைக்கு வைக்கோல் கொடுத்தவர் அந்தக் கூரைக்கு அடியில் இருப்பவனை எந்த நேரமும் கூப்பிடலாம்.

இதே கைகள்தான் மிராசுதாரின் மாட்டுக் கொட்டகையையும் வேய்ந்தன. எங்கள் பெரியவர் ஒருவர் சொல்வார்: கொட்டகை எட்டுக் கட்டு, வீடு ஒரு கட்டு, இரண்டுக்கும் ஒரே ஆள், ஒரே கீற்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். கூரை வேய்ந்த வீடு ஒரு சாதிக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. சங்க இலக்கியத்தில் பெரும்பாணாற்றுப்படை எயினர் குடிசையைச் சொல்லும்போது ஈந்தின் இலையால் வேய்ந்த அதன் கூரை முள்ளம்பன்றியின் முதுகுபோல் இருந்ததாகக் காட்டுகிறது. அந்த நூலின் வழியெங்கும் பல குடிகளின் குடிசைகள் வருகின்றன. வேட்டையாடுகிறவர், மாடு மேய்க்கிறவர் என்று தொழிலுக்கேற்ற, நிலத்துக்கேற்ற கூரைகள் அவை. அந்த வேறுபாடுகளில் தீட்டின் வாடை இல்லை.

சோழர் காலத்துக்கு வரும்போது பேச்சு மாறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் வருகிறது. ஊர்நத்தம் தனி, கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி, சுடுகாடு தனி. தீண்டாச்சேரி என்ற பெயரும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடியிருப்பு சாதிவாரியாகப் பிரித்து அளக்கப்பட்டிருக்கிறது என்பதற்குக் கல்லில் இருக்கும் சாட்சி அது. அந்தச் சேரியில் வீடு எப்படி இருந்தது என்று கல்வெட்டு சொல்லாது. அதைச் சொன்னவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார். திருநாளைப்போவார் புராணத்தில் ஆதனூரின் புலைப்பாடியைக் காட்டும்போது, பழைய புல் கூரைகளையும் அவற்றின் மேல் படர்ந்த சுரைக்கொடியையும் சொல்கிறார். பாடியவர் வெளியிலிருந்து பார்த்தவர்தான். ஆனால் அந்தச் சுரைக்கொடியை அவர் சரியாகப் பார்த்திருக்கிறார். இன்றும் கூரை வீடு இருக்கும் இடத்தில் ஆடியில் விதை போட்டுக் கூரையில் சுரையோ பூசணியோ ஏற்றுகிறோம். கொல்லை இல்லாதவனுக்குக் கூரைதான் தோட்டம். அந்தப் பாடியில் பிறந்த நந்தன் தில்லையில் தீ புகுந்துதான் உள்ளே போக முடிந்தது என்பதையும் அதே புராணம் சொல்கிறது.

வீட்டின் உருவத்துக்கு மட்டும் அல்ல, பெயருக்கும் சாதி வரையறை இருந்தது. இதற்குத் துல்லியமான சான்று தமிழ்நாட்டுக்கு மேற்கே, மலபாரில் கிடைக்கிறது. வில்லியம் லோகன் 1887இல் வெளியிட்ட மலபார் கையேட்டில், குடியிருப்பவரின் சாதியைப் பொறுத்து வீட்டுக்குப் பெயர் மாறும் என்று வரிசையாகத் தருகிறார். நம்பூதிரியுடையது இல்லம் அல்லது மனை, அரசருடையது கோவிலகம், நாயருடையது வீடு அல்லது பவனம். பறையருடையது சேரி, அடிமைச் செறுமருடையது சாளை. 'வீடு' என்ற சொல்லே உழுகிறவனுக்குக் கிடையாது. தமிழில் வீடு என்பதற்கு விடுதலை என்றும் பொருள் உண்டு என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் எழுதப்பட்ட தடைகளுக்கு 1930ஆம் ஆண்டின் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பார்க்கலாம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். அங்கே ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை, செருப்பு கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில் வீட்டுக்குள்ளேயும் ஒரு தடை நுழைகிறது: மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. வீட்டின் உள்ளே உறியில் தொங்குவது எது என்பதையும் வெளியே இருப்பவர்கள் தீர்மானித்தார்கள். தடையை மீறியபோது என்ன செய்தார்கள் என்றும் ஹட்டன் எழுதியிருக்கிறார். குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். வெண்மணிக்கு முப்பத்தெட்டு ஆண்டுக்கு முந்தைய செய்தி இது. தீயிடுவது ஒரு நாள் கோபத்தில் தோன்றிய யோசனை அல்ல. அது ஒரு பழக்கம். எரியக்கூடிய வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று வைத்திருப்பதும் அந்தப் பழக்கத்தின் ஒரு பாதி.

இங்கே ஒரு நேர்மையான குறிப்பு. குனிந்து நுழைய வேண்டிய தாழ்ந்த வாசலை அடிமைத்தனத்தின் அடையாளம் என்று மேடைகளில் நாமே பலமுறை பேசியிருக்கிறோம். முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. இறவாணம் தாழ்ந்திருந்தால்தான் சாரல் மண்சுவரைக் கரைக்காது. கடற்காற்று கூரைக்கு அடியில் புகுந்து தூக்காது. கூரை வேய்ந்த குடியானவர் வீட்டிலும் இறவாணம் தாழ்ந்துதான் இருந்தது. வேறுபாடு வேறு இடத்தில் இருந்தது. குடியானவர் வீட்டில் மேடான தரை, உள்ளே முற்றம், தலை முறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே போகும் கட்டுகள். சேரி வீடு தாழ்ந்த பள்ளக்காலில், பக்கத்திலேயே குழி வெட்டி அந்த மண்ணைக் கொட்டி மேடாக்கிய தரையில் நின்றது. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அதே தரையில் இன்னொரு தட்டி மறைப்பு. அகலப்படுத்த இடம் இல்லை. இடம் இல்லை என்பதைவிட, இருக்கும் இடமே நமக்கு இல்லை.

இதுதான் விஷயத்தின் மையம். கீழத்தஞ்சையில் பண்ணையாள் குடியிருந்த மனைக்கட்டு பண்ணையாருக்குச் சொந்தம். வேலை செய்கிறவரை இருக்கலாம். எதிர்த்துப் பேசினால் காலி செய்ய வேண்டும். காலி செய்யச் சொல்வதற்குக் கடிதம் தேவைப்படவில்லை, கூரையைப் பிரித்துப் போட்டால் போதும். அப்படிப்பட்ட மண்ணில் எவன் அஸ்திவாரம் தோண்டுவான்? செங்கல் அடுக்கவும் ஓடு போடவும் விடமாட்டார்கள். நிலையான கட்டடம் நிலையான பாத்தியதைக்கு அடையாளம் என்று அவர்களுக்குத் தெரியும். நாங்களும் பிரித்து எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருளில்தான் கட்டினோம். கால், வளை, மூங்கில், கயிறு. ஆணி இல்லாத கட்டுக்குக் காற்று ஒரு காரணம் என்றோம். விடிவதற்குள் அவிழ்த்துத் தோளில் ஏற்ற வேண்டியிருந்தது இன்னொரு காரணம்.

இந்த நிலை தஞ்சைக்கு மட்டும் உரியதல்ல. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பில், குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமாக இல்லை, மிராசுதாரர் நினைத்தால் வெளியேற்றலாம் என்ற நிலையை எடுத்துக் காட்டினார். அந்தக் குறிப்பைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது. நாம் பஞ்சமி நிலத்தை விவசாய நிலமாகவே பேசுகிறோம். அதன் தொடக்கத்தில் வீட்டு மனைப் பிரச்சினையும் இருந்ததை இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

தஞ்சையில் இதை மாற்றியது செங்கொடிச் சங்கம். சீனிவாச ராவும் அவரோடு நின்ற உள்ளூர்த் தோழர்களும் 1940களில் சேரிகளுக்குள் வந்தபோது, சவுக்கடியும் சாணிப்பாலும் போலவே மனையை விட்டு விரட்டுவதும் போராட்டத்தின் பொருளானது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆனால் வெளியேற்றக் கூடாது என்பது வேறு, உன்னுடையது என்பது வேறு. குடியிருப்பு மனையை அதில் வாழும் விவசாயத் தொழிலாளிக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. வெண்மணிக்கு மூன்று ஆண்டு கழித்து. அந்த 44 பேரும், உயிரோடு இருந்த நாளில், தரை உரிமையைத் தரும் சட்டத்தைப் பார்க்கவில்லை.

அன்றிரவு அவர்கள் தெருவில் தாக்குதலிலிருந்து தப்ப ஓடி ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். மேலே நாங்கள் விவரித்த கட்டுமானத்தை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரே அறை, ஒரே வாசல், சன்னல் இல்லை. மார்கழி மாதம், காய்ந்த கூரை. கூரை வீட்டில் தீ பிடித்தால் முதலில் எரிவது கீற்று, அடுத்து கயிற்றுக் கட்டு. கட்டு அவிழ்ந்ததும் கைமரமும் வரிச்சும் எரிந்துகொண்டே உள்ளே விழும். தாழ்ந்த இறவாணம் எரியும்போது வாசலும் எரியும். வாசல் வெளியிலிருந்து அடைக்கப்பட்டால் அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. மழையையும் காற்றையும் தடுக்க எங்கள் முன்னோர் கண்டுபிடித்த ஒவ்வொரு வழியும் அந்த இரவில் எங்களுக்கு எதிராகத் திரும்பியது. குற்றம் கீற்றுடையது அல்ல. கீற்று எரியும் என்று எல்லோருக்கும் தெரியும், தீ வைத்தவர்களுக்கும் தெரியும்.

அப்படியானால் காங்கிரீட் வந்தால் தீர்ந்ததா? 2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி மாவட்டம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கி எரிக்கப்பட்டன. அவற்றில் பல கல் கட்டடங்கள், பெங்களூரிலும் வேறு ஊர்களிலும் போய் உழைத்த காசில் எழுந்தவை. சுவர் நின்றது. உள்ளே பீரோ, கட்டில், வண்டி, சான்றிதழ், நகை எல்லாம் எரிந்தன. அங்கே எரிச்சலுக்குக் காரணமானவற்றில் அந்தக் கல் வீடுகளும் உண்டு என்பது எங்கள் கணிப்பு. கூரையில் இருந்தபோது இருக்கக் கூடாது என்றார்கள், மாடியில் ஏறியபோது ஏறக் கூடாது என்றார்கள்.

அரசு கட்டித் தந்த தொகுப்பு வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டதும், எண்பதுகளில் இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்ததும் சேரிகளின் முகத்தை மாற்றின. அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. முதல் முறையாகப் பூட்டுப் போடக்கூடிய கதவு வந்தது. புத்தகம் நனையாமல் வைக்க ஓர் அலமாரி வந்தது. எங்களில் பலர் பத்தாம் வகுப்பு தாண்டியது அந்த அலமாரியால். ஆனால் எத்தனை தொகுப்பு வீடுகளில் இன்று மேற்கூரைச் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிகிறது என்று உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். இன்னொன்றும் பார்க்கலாம்: அநேகமாக எல்லா வீட்டுக்கு முன்னாலும் ஒரு கீற்றுச் சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். சமைப்பது, மதியம் படுப்பது, ஆள் வந்தால் உட்கார்வது எல்லாம் அதில்தான். காங்கிரீட் அறை பெட்டிகளுக்கும் மழை நாளுக்கும். வரைபடம் போட்டவர் அப்பாயியிடம் ஒரு நாள் வந்து கேட்டிருந்தால் அந்தச் சாய்ப்பையும் சேர்த்தே வரைந்திருப்பார்.

இதே நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீற்று வேய்ந்த விடுதிகள் எழுகின்றன. ஓர் இரவு தங்க நம் ஆட்களின் மாதக் கூலி ஆகும். வேய்வதற்கு நம் ஊரிலிருந்துதான் முகடு கட்டத் தெரிந்த பெரியவர்களைக் கூட்டிப் போகிறார்கள். எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை, நல்ல கூலி கொடுத்தால் சரி. ஆனால் 'பாரம்பரியக் கட்டடக் கலை' என்று எழுதும்போது செட்டிநாட்டு அரண்மனைக்கு ஆசாரி பெயர், மரம் வந்த தேசம், ஆண்டு எல்லாம் எழுதுகிறார்கள். கூரை வீட்டுக்கு வரும்போது 'இயற்கையோடு இயைந்த எளிய வாழ்வு' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எளிமையை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. எளிமைக்குள் வைக்கப்பட்டவர்கள் அதை நுட்பமாகச் செய்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்து எழுத வேண்டிய வேலை இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு இருக்கிறது.

இன்னும் உடனடியான வேலையும் உண்டு. 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று அரசு 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. எட்டு லட்சம் வீடுகள், ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. வரவேற்கிறோம். ஆனால் விண்ணப்பிக்க மனைப் பட்டா வேண்டும். நத்தம் என்று எழுதியிருந்தால் பிழைத்தோம். வாய்க்கால் புறம்போக்கு, சாலைப் புறம்போக்கு, கோயில் நிலம் என்றிருந்தால் பட்டியலில் பெயர் ஏறாது. 1971 சட்டத்தின் கீழ் அன்றைக்கே பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்கள் உண்டு. காரணம் கேட்டால், யாரும் வந்து சொல்லவில்லை என்பார்கள், அல்லது பண்ணையார் முகத்தை நினைத்துப் பாட்டன் பேசாமல் இருந்துவிட்டார் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்தோம் என்பதற்கு ஆதாரம் கேட்டால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மக்கிப்போகிற கூரை என்ன ஆதாரத்தைத் தரும்? பழைய வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை, குடிசைக்குக் கொடுத்த ஒற்றை விளக்கு மின் இணைப்பின் அட்டை என்று தகரப் பெட்டியில் கிடைக்கும் ஒவ்வொரு தாளும் வேண்டும். கஜா புயலில், 2018 நவம்பரில், வேதாரண்யம் பக்கம் பல வீடுகளில் அந்தப் பெட்டிகளும் போய்விட்டன. தென்னையும் சாய்ந்து, அதன் பிறகு கீற்றுக்கும் பஞ்சம் வந்தது.

தொடக்கத்தில் சொன்ன அப்பாயியின் வீட்டுக்கு இந்த வருடம் நில அளவர் வந்தார். மன்றத் தோழர்கள் இரண்டு பேர் கூடப் போயிருந்தோம். எல்லைக் கல் எங்கே என்று கேட்டார். கல் எதுவும் இல்லை. அப்பாயி எழுந்து வந்து வீட்டைச் சுற்றி நடந்து காட்டினார். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிச் சொட்டி, இறவாணத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு விழுந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் கீற்று மாற்றினாலும் கால்கள் அதே குழியில் நிற்பதால் சொட்டும் கோடும் அதே இடத்தில் விழுகிறது. விரல் ஆழத்துக்குக் குழிந்து, சின்னச் சின்னக் கூழாங்கல் தெரிய, நான்கு பக்கமும் நேராக ஓடியது. "இதான் எங்க எல்லை" என்றார். அளவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே நாடாவை வைத்து அளந்து எழுதிக்கொண்டார்.

பட்டா இன்னும் வரவில்லை. மனு அலுவலகத்தில் இருக்கிறது. ஆடியில் போட்ட சுரை கூரை ஏறிக் காய்த்து ஓய்ந்துவிட்டது. வரும் பங்குனிக்குக் கீற்று மாற்ற வேண்டும். முடைவதற்கு மட்டை சொல்லி வைத்திருக்கிறோம்.